பழநியாண்டவனுக்கு ஒரு வெள்ளிக்கால்

கல்லூரியில் த்ரோபால் ஆடும்போது என் மகளுக்கு முழங்கால் சில்லு விலகியது. ஊன்றிய பாதம் தரையிலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியதில் சில்லு வெளிப்பக்கமாக நழுவிவிட்டது. காலை நீட்டியதும் அது தானாகவே இடத்துக்கு வந்துவிட்டாலும், மூட்டு வீங்கியிருந்தது. சில்லை உட்புறமிருந்து பிடித்து நிறுத்தும் ஜவ்வு கிழிந்திருப்பது எம்ஆர்ஐ படத்தில் தெரிந்தது. எலும்புத் துணுக்கு ஏதும் பெயரவில்லை, நழுவியதும் முதல் முறைதான் என்பதால் அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை, தொடைத் தசையை வலுப்படுத்திப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அவள் தன் காலாலேயே மலையேறி வருவாள், வெள்ளியில் கால் செய்து உண்டியலில் சேர்க்கிறோம் என்று அன்றிரவே பழநியாண்டவனிடம் வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொள்வது என் வேலை, பயிற்சி அவள் வேலை என்றாயிற்று. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திப் பிடிப்பது, மல்லாந்து படுத்துக் காலை மடக்காமல் தூக்குவது, இடுப்புத் தசைக்காக ஒருக்களித்துப் படுத்துத் தூக்குவது என்று தினமும் செய்தாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், மறுபடியும் நழுவிவிடுமோ என்ற பயம்தான் அவளை முடக்கிப் போட்டது. சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடவே அஞ்சிய பெண், ஒருநாள் தானாகவே "எப்போதம்மா பழநிக்குப் போகிறோம்?" என்று கேட்டாள்.

கிருத்திகை இல்லாத நாளாகப் பார்த்துப் புறப்பட்டும், முகூர்த்த நாளாக இருந்ததால் அடிவாரத்தில் அப்படியொரு கூட்டம். அவள் காலில் இருந்த உறையைப் பார்த்த ஒருவர், "இந்தக் காலோடு ஏற முடியாதம்மா, பணம் கொடுத்தால் வரிசையில்லாமல் வின்ச் ரயிலில் ஏற்றிவிடுகிறேன்" என்று பின்னாலேயே வந்தார். அவர் போனதும் அர்ச்சனைத் தட்டை வலியக் கையில் திணிக்கும் இன்னொருவர். முருகன் சந்நிதி வாசலில் இப்படிப் பிடுங்கித் தின்பவர்களை யார்தான் கேட்பார்களோ!

பாத விநாயகருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு, செங்குத்தான படிகளை விட்டு யானைப்பாதையில் ஏறினோம். பயிற்சியாளர் சொல்லியிருந்தபடி, படி வரும் இடங்களில் நல்ல காலை முதலில் வைத்து, வலி தெரிந்தால் நின்று, அரோகரா சொல்லி மறுபடியும் ஏறினாள். ஏறியதைவிட மேலே வரிசையில் அசையாமல் நின்றதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. மூட்டு விறைத்துக்கொள்ளாமலிருக்கக் கம்பியைப் பிடித்தபடி காலை மடக்கி நீட்டிக்கொண்டே நகர்ந்தாள்.

சந்நிதிக்கு நேரே நாங்கள் வந்தபோது அபிஷேகம் முடியும் தறுவாய். அலங்காரத்துக்கு இன்னும் திரை போடவில்லை. கோவணமும் தண்டமுமாக, பட்டும் நகையும் மறைக்காத திருமேனியோடு ஆண்டவன் நின்றான். வழக்கமாக முகத்தையே தேடும் என் கண்கள் அன்று அந்தக் கால்களில் போய் நின்றன. போகர் நவபாஷாணத்தில் சமைத்ததாக நாம் வணங்கும் அந்த மெலிந்த கால்கள், முழங்கால் தெரிய, எத்தனை தலைமுறையாக இப்படி நின்றுகொண்டே இருக்கின்றன! என்ன வேண்டுவதென்று தெரியாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நகருங்க, நகருங்க" என்று தள்ளியபோதுதான் வெளியே வந்துவிட்டது தெரிந்தது.

வெள்ளிக்காலை அவளே உண்டியலில் போட்டாள். இறங்கும்போதுதான் சில்லு தொடையெலும்பில் அதிகமாக அழுந்தும், அதைத் தவிர்க்கச் சொல்லியிருந்ததால் வின்ச்சில் வந்தோம். ஏறுவதாகத்தான் வேண்டியிருந்தோம், இறங்குவதைப் பற்றி முருகனிடம் பேச்சே இல்லை. ராஜ அலங்காரத்துக்கு இருந்து பார்க்காமல் வந்துவிட்டீர்களே என்று என் மாமியாருக்கு மனக்குறை. கால் இன்னும் கொஞ்சம் உரமேறட்டும், அவரையும் அழைத்துக்கொண்டு, ராஜ அலங்காரம் செய்யும் சாயரட்சைப் பூஜைக்கே போவதாகச் சொல்லியிருக்கிறோம்.