37-இல் 17 போனால்

ராணுவத்தில் ஹவில்தாராக 17 வருஷம் முடித்து வேலூர் வந்து இறங்கியபோது எனக்கு வயது 37. மத்திய அரசில் கிளார்க் மட்டத்து குரூப் சி வேலை ஒன்றுக்கு உச்ச வயது 27 என்று படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். டீக்கடையில் ஒரு பழைய சுபேதார்தான் திட்டினார்: "சர்வீஸைக் கழிச்சுப் பாருய்யா."

20! மிச்சம், உச்ச வயதை 3 வருஷத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதுமாம். வீட்டில் சொன்னேன். "தலைமுடிக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

குரூப் சி-யில் முன்னாள் ராணுவத்தினரான எங்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே விண்ணப்பித்திருக்கலாம் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

ஆனால் இந்தச் சலுகையில் ஒரு முடிச்சு இருக்கிறது. இதை வைத்து ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த அரசு வேலைக்கு முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு கிடையாது. ஏற்கெனவே விண்ணப்பித்த மற்ற வேலைகளைத் தேதியோடு, சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் அவற்றுக்குச் சலுகை நீடிக்கும். 2014-இல் வந்த விளக்கம் இது. என்னோடு ரெஜிமென்ட்டில் இருந்தவர் அதை எழுதிக் கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் நல்ல வேலை ஒன்று கைநழுவிப் போனது.

நான் நான்கு விண்ணப்பங்களையும் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.