சீசன் இல்லாத நேரத்தில் திருகோணமலை

"இந்த மழைக்கை அங்க போய் என்ன செய்யப் போறாய்?" யாழ்ப்பாணத்தில் பஸ் ஏற முன்னமே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயம்தான். திருகோணமலைக்குச் சீசன் என்றால் சித்திரைக்குப் பிறகு; மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நான் போனது 2025 ஜனவரியில், வாடைக் காற்று அடங்காத நேரம். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் இருந்து இறங்கியபோது முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

உப்புவெளியில் பெரியம்மா வீடு. கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, மூன்று அறையை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார். சீசனில் சொந்தக்காரருக்கு அங்கே திண்ணைதான். இந்த மாதங்களில் போனால் மட்டும் ராச மரியாதை: ஏசி அறை, காலையில் இடியப்பமும் சொதியும், பின்னேரம் இஞ்சி போட்ட பிளேன்ரீ.

முதல் நாள் விடியவே கோணேசர் கோயிலுக்குப் போனேன். திருவெம்பாவைக் காலம் என்பதால் மழைக்குள்ளும் சனம். பிரட்றிக் கோட்டை வாசலால் ஏறும்போது ஆலமரத்துக்குக் கீழே ஏழெட்டுப் புள்ளிமான்கள் நனைந்துகொண்டு நின்றன. ஒன்று என் கையிலிருந்த அர்ச்சனைப் பையைக் கடித்து இழுத்து, வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மேலே இராவணன் வெட்டில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே கடல் சுண்ணாம்புத் தண்ணி மாதிரிப் பொங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே நேரம் நகரத்தின் மற்றப் பக்கத்தில் உள்துறைமுகம் அசையாமல் கிடக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் எல்லாரும் அடிபட்டது இந்த அசையாத தண்ணிக்காகத்தான்.

கன்னியா வெந்நீரூற்றுக்கும் போனேன். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. மழை நாளில் வெந்நீர் அள்ளி ஊற்றுவது தனிச் சுகம். அவ்வளவுதான், அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நான் எழுத வந்தது பெரியம்மாவின் பின்னேரங்களைப் பற்றி.

இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயைப் போடலாம் என்று பார்த்தால், பெரியம்மா சீனி ரின்னில் போனைச் சாய்த்து வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார். "ரெண்டு மணிக்கு மட்ச் இருக்கு" என்றார். கிரிக்கெட் என்று நினைத்தேன். திரையில் பளபளக்கும் மரத்தரை, இரண்டு வளையம். ஆஸ்திரேலியத் தேசியக் கூடைப்பந்து லீக், என்பிஎல்!

காரணம் பேரன். வொலொங்கொங்கில் வேலை. அந்த ஊர் அணிதான் இல்லவாரா ஹோக்ஸ். சிட்னிப் பக்கம் பின்னேரம் ஏழரை என்றால் நமக்கு இரண்டு மணி, அவன் அரங்கில் இருந்துகொண்டு "அம்மம்மா பாக்கிறியளே?" என்று செய்தி அனுப்ப, இவர் இங்கே பார்க்கிறார். அந்த லீக் செப்டெம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். கடைசி வெள்ளைக்காரன் அறையைக் காலி பண்ணும்போது முதல் ஆட்டம் தொடங்கும். பெரியம்மாவின் சும்மா இருக்கிற மாதங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆனால் பெரியம்மா பள்ளிக்கூட நாளில் வலைப்பந்து ஆடியவர். பிரச்சினை அங்கேதான். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் மூன்று செக்கனுக்குள் எறிந்துவிட வேண்டும், பந்தோடு ஓடக்கூடாது, வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. இங்கே ஒருவன் பந்தைத் தரையில் தட்டித் தட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மட்டும் ஓடுகிறான்.

"பார், பார், ஓடுறான். விசில் அடிக்கிறவன் நித்திரையே?"

"பெரியம்மா, தட்டிக்கொண்டு ஓடலாம். தட்டாமல் ஓடினால்தான் பிழை."

"பலகையில பட்டு விழுந்ததையும் கணக்கில சேர்க்கினம். எங்கட தர்ஜினி பலகை இல்லாமலே போடுவாள்."

தர்ஜினி சிவலிங்கத்தோடு ஒப்பிட்டால் யார்தான் தேறுவார்கள்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆறடி பத்து அங்குலம், 2018 இல் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது முன்னுக்கு நின்றவர். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது கால்பகுதியில் கரண்ட் போனது, வைஃபையும் போனது. திரையில் ஒரு நெடுவல் வளையத்தைப் பிடித்தபடி அந்தரத்தில் உறைந்து நின்றான். பெரியம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

கூடைப்பந்தின் விதி தெரியாவிட்டாலும் அணியின் சரித்திரம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1979 இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சீசனும் தவறாமல் ஆடிய ஒரே அணி ஹோக்ஸ்தானாம். அப்படியிருந்தும் வென்ற கிண்ணம் ஒன்றே ஒன்று, 2001 இல். பயிற்றுநர் ஜஸ்டின் டேட்டம், அமெரிக்காவில் பொஸ்டன் செல்டிக்ஸுக்கு ஆடும் ஜேசன் டேட்டமின் தகப்பன். "மோன் அங்க, தேப்பன் இங்க. என்ர வீடு மாதிரித்தான்" என்றார் பெரியம்மா. அவருடைய மகன் கனடாவில்.

அந்த மாதமே பேர்த் அணியின் பிரைஸ் கொட்டன் நியூஸிலாந்து பிரேக்கர்ஸுக்கு எதிராகத் தனி ஆளாக 59 புள்ளி போட்டார். முழு ஆட்டமே நாற்பது நிமிடம்தான். பேரன் ஆச்சரியக் குறியாக அனுப்பிய செய்தியை வாசித்துவிட்டு, "மற்ற நாலு பேருக்கும் பந்து குடுக்கேல்லையாக்கும்" என்றதோடு பெரியம்மா அந்தக் கதையை முடித்துவிட்டார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. கொட்டனின் எறிதலைப் போனில் நாலைந்து தரம் திருப்பிப் பார்த்தேன். பந்து கையை விட்டுப் போன பிறகுதான் தடுக்க வந்தவன் துள்ளுகிறான்.

நான் யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு என்னையும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஹோக்ஸ் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதிச் சுற்றுக்கு வந்தது. மெல்பேர்ன் யுனைடெட்டோடு ஐந்து ஆட்டம். ஆளுக்கு இரண்டு வென்று, மார்ச் 23 ஞாயிற்றுக்கிழமை வொலொங்கொங்கிலேயே கடைசி ஆட்டம். 114க்கு 104. இருபத்து நாலு வருசத்துக்குப் பிறகு கிண்ணம். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மட்டும் தோற்ற பக்கத்து மத்யூ டெல்லவடோவாவுக்குப் போனது.

உடனே உப்புவெளிக்குப் போன் எடுத்தேன். பின்னால் சுத்தியல் சத்தம். யாரோ கட்டில் பூட்டுகிறார்கள்.

"வெண்டிட்டாங்கள் பெரியம்மா!"

"ஓமோம், பேரன் வீடியோ அனுப்பினவன். அழுதுகொண்டு நிக்கிறான், விசரன்." சுத்தியலை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். "தம்பி, சித்திரை வருசத்துக்கு வாறன் எண்டு சொன்னனீயெல்லே? வராதை. உன்ர அறையை ஜெர்மன்காரர் புக் பண்ணிப்போட்டினம். இனி அவங்கள் திரும்ப ஆடத் தொடங்கேக்க வா."