வாயோரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு

முதலில் கண்டது அம்மாதான். "வாயோரத்தில என்ன, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு?" துடைத்தேன், போகவில்லை. இரண்டு மாதத்தில் விரல் மொளிகளிலும் வந்துவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால் மாமிமார் குரலைத் தாழ்த்தி, "வெண்குஷ்டமோ பிள்ளை?" என்பார்கள். தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பெயரை வைத்தவரை ஒருநாள் சந்திக்க ஆசை.

தோல் டொக்டர் அறை விளக்கை அணைத்து, ஊதா லாம்ப் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். எனக்கே தெரியாமல் முழங்கையிலும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. விட்டிலிகோ, தோல் நிறமிழக்கும் நோய். தைரொயிட் சோதனைக்கும் எழுதித் தந்தார்; இந்த இரண்டும் சிலருக்குச் சேர்ந்தே வருமாம்.

"ஏன் எனக்கு?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன கதைதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் கலங்கள் என்று கிளை விரித்த கலங்கள் இருக்கின்றன. 1868இல் பெர்லினில் ஒரு மருத்துவ மாணவர் கண்டு, நரம்பு என்று நினைத்தாராம். இவையும் இவற்றின் உறவான டென்ரிடிக் கலங்களும் அக்கம்பக்கத்துக் கலங்களின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், உடம்பைக் காவல் காக்கும் வெள்ளை இரத்தக் கலங்களான டி-கலங்களுக்குக் காட்டும். கிருமி இல்லாத நாட்களிலும் இந்தப் போக்குவரத்து நடக்கும். பதற்றமில்லாமல் காட்டினால், அந்தத் துணுக்கை அடையாளம் காணும் டி-கலம் அடங்கிவிடும், அல்லது மற்றவற்றை அடக்கும் கலமாக மாறும். அதே துணுக்கை ஆபத்துச் சமிக்ஞையோடு காட்டினால், அந்த டி-கலம் தாக்கக் கிளம்பிவிடும். என் விஷயத்தில் அந்தத் துணுக்கு, தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் கலத்தினுடையது.

கொழும்பில் செக்பொயின்ட் காலத்தில் வளர்ந்தவளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே அடையாள அட்டை, அதே முகம். அன்றைக்கு ஊரில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் போகவிடுவதும் இறக்கி வைப்பதும்.

ஏ.எல். பயோவில் இப்படிப்பட்ட துணுக்குக்கு, அதாவது அன்ரிஜனுக்கு, 'பிறபொருளெதிரியாக்கி' என்று பாடமாக்கினோம். சொந்த உடம்பின் துணுக்கே அப்படி ஆனால் அதில் 'பிற' எங்கே இருக்கிறது? தமிழில் எழுதிப் பார்த்தால்தான் நோயின் அபத்தம் தெரிகிறது.

பிறகு வெளிச்ச சிகிச்சை. 311 நனோமீற்றர் புற ஊதாக் கதிர், கிழமைக்கு இரண்டு தரம். கண்ணாடி போட்டுக்கொண்டு அலுமாரி மாதிரிப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். தொடக்கத்தில் சில வினாடிகள்தான். வெள்ளை இடம் லேசாகச் சிவக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அந்தச் சில வினாடிக்காக அரை நாள் லீவு, காலி வீதி நெரிசல், வரிசை. நடுவில் மெஷின் பழுதாகி மூன்று கிழமை போனது. "அடுத்த கிழமை வாங்க" என்பதை மூன்று முறையும் அதே சிரிப்போடு சொன்னார்கள். அந்தக் கோபத்தில் மொட்டை மாடி வெயிலில் நின்று பார்த்தேன். தயவுசெய்து செய்யாதீர்கள். நன்றாக எரிந்தால் எரிந்த இடத்திலேயே புதுப் புள்ளி வரக்கூடும் என்று டொக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலாம் மாதம் முழங்கையில் மிளகு தூவியது போலச் சின்னக் கறுப்புப் பொட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி. நிறம் தரும் கலங்களின் சேமிப்பு அங்கேதான் இருக்கிறதாம். அம்மா பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். விரல்களில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மயிர் குறைந்த இடத்தில் கஷ்டம் என்று முதலே சொல்லித்தான் இருந்தார்கள். சொல்லியிருந்தும் மனது கேட்கவில்லை.

இப்போது ஒன்பதாம் மாதம். வாயோரம் முக்கால்வாசி மூடிவிட்டது. ஆனால் தாக்க வந்த டி-கலங்களில் சில பழைய இடத்திலேயே ஞாபகத்தோடு குடியிருக்குமாம். விட்டால் அதே இடத்தில் திரும்பும். அதனால் நிறம் வந்த பிறகும் கிழமைக்கு இரண்டு தரம் டக்ரோலிமஸ் களிம்பு பூசச் சொல்லியிருக்கிறார் டொக்டர். இன்றைக்கு வரும் வழியில் இரண்டாவது டியூப் வாங்கினேன்.