ஏற்காட்டுக் காபிக்கு ஒதுக்கும் பணத்தை டெல்லியில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

பிப்ரவரி 1-ம் தேதி நிதியமைச்சர் உரையை முடித்ததும் சேலத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஊருக்கு என்ன வந்துச்சு?" உரையில் ஊர்ப்பெயர் இல்லையென்றால் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் பட்ஜெட்டைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் வேலை அந்த உரைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதைச் செய்யும் நாடாளுமன்றக் குழுக்களைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "மதிப்பீட்டுக் குழு சேலத்தில் ஆய்வு" என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் தமிழ்நாடு சட்டமன்றத்தின் குழு. மாநில அரசின் செலவை மட்டுமே அது பார்க்கும். காபி வாரியம், ரயில்வே, உருக்காலை எல்லாம் மத்திய அரசின் கணக்கு. அவற்றைக் கேட்க வேண்டியது நாடாளுமன்றக் குழுக்கள்.

அமெரிக்காவில் இருப்பதுபோல "பட்ஜெட் குழு" என்ற பெயரில் தனிக் குழு எதுவும் நம் நாடாளுமன்றத்தில் கிடையாது. அந்த வேலை பல குழுக்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. அரசின் செலவு மதிப்பீடுகளை ஆராயும் மதிப்பீட்டுக் குழுவில் 30 பேர், எல்லோரும் மக்களவை உறுப்பினர்கள். 1950-ல் தொடங்கியபோது 25 பேர். 1956-ல் 30 ஆக்கினார்கள். பொதுக் கணக்குக் குழு செலவான பிறகு சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையை வைத்துக்கொண்டு பார்க்கும். அதில் மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்குவது மரபு. பொதுத்துறை நிறுவனங்களுக்கான குழு 1964-ல் வந்தது. அதிலும் அதே 15, 7 கணக்குதான். இந்த மூன்றுக்கும் விகிதாசார முறையில் ஆண்டுதோறும் தேர்தல் நடக்கும். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது.

நமக்கு அதிகம் தேவைப்படுவது நான்காவது வகை: துறைசார் நிலைக்குழுக்கள். 1993-ல் 17 குழுக்களோடு தொடங்கி 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21, மாநிலங்களவையினர் 10, ஆக 31 பேர். இங்கே தேர்தல் இல்லை. சபாநாயகரும் மாநிலங்களவைத் தலைவரும் நியமிக்கிறார்கள். பதவிக்காலம் ஓராண்டுக்கு மிகாது. மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குக் கேட்கும் தொகை, மீது வாக்களிக்கும் உரிமை மக்களவைக்கு மட்டுமே உண்டு. ஆனால் நிலைக்குழுவில் மாநிலங்களவை உறுப்பினரும் உட்கார்ந்து செயலரைக் கேள்வி கேட்கலாம். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் 1895-ல் சென்னை சட்டசபைக்குப் போன காலத்தில், 1892-ம் ஆண்டுச் சட்டப்படி பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், கேள்வி கேட்கலாம், வாக்கு மட்டும் கிடையாது. வாக்கில்லாத கேள்விக்கும் பலன் உண்டு என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது.

நடைமுறை இப்படிப் போகும். பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் இரு அவைகளும் சில வாரம் ஒத்திவைக்கப்படும். குழுவின் செயலகம் துறைக்கு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பும். எழுத்துப் பதில் வந்ததும் துறைச் செயலர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும், அமைச்சரை அழைப்பதில்லை. கூட்டம் மூடிய அறையில் நடக்கும், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால் போதும். பிறகு வரைவு அறிக்கை, ஏற்பு, அவையில் தாக்கல். உடன்படாத உறுப்பினர் மறுப்புக் குறிப்பு எழுதலாம். வெட்டுத் தீர்மானம் (கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது) போன்ற எதையும் நிலைக்குழு பரிந்துரைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதாவது ஒரு ரூபாயைக்கூட இந்தக் குழுவால் குறைக்கவோ கூட்டவோ முடியாது.

அப்படியானால் என்ன பயன்? பிப்ரவரியில் போட்ட எண்ணை மார்ச்சில் வரும் அறிக்கை மாற்றாது. அது வேலை செய்வது அடுத்த சுற்றில்: ஆண்டின் பிற்பாதியில் திருத்திய மதிப்பீடு போடும்போதும், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் கேட்டு நிதி அமைச்சகத்திடம் துறை போய் நிற்கும்போதும். "நிலைக்குழுவே போதாது என்று எழுதியிருக்கிறது" என்பது துறையின் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். இதைப் புரிந்துகொள்ளாமல் மார்ச் மாதம் மனுவோடு டெல்லிக்கு ஓடுவதில் பயனில்லை.

காபியையே எடுத்துக்கொள்வோம். காபி வாரியம் வணிகத் துறையின் கீழ் வருகிறது. வேளாண் துறையில் தேடினால் கிடைக்காது. பார்க்க வேண்டியது வணிக நிலைக்குழு, அது மாநிலங்களவைச் செயலகத்தின் பொறுப்பில் உள்ள எட்டுக் குழுக்களில் ஒன்று. செலவின பட்ஜெட்டில் வணிகத் துறையின் பக்கத்தைத் திறந்தால் நான்கு எண்கள் வரிசையாக இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு பட்ஜெட் மதிப்பீடு, நடப்பாண்டு திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. பத்திரிகைகள் கடைசி எண்ணைத்தான் போடும். முதலில் பார்க்க வேண்டியவை நடுவில் உள்ள இரண்டும். திருத்திய மதிப்பீடு குறைந்திருந்தால், பணம் கொடுத்தும் செலவாகவில்லை அல்லது நடுவில் பிடித்துவிட்டார்கள். மறுநடவு மானியத்துக்கு ஏற்காட்டில் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம்தான் செய்தி. அலகையும் கவனியுங்கள்: செலவின பட்ஜெட் கோடி ரூபாயில் இருக்கும், துறைகளின் விரிவான மானியக் கோரிக்கைப் புத்தகம் ஆயிரம் ரூபாயில் இருக்கும். இரண்டையும் கலந்து படித்துவிட்டுக் கொந்தளிப்பவர்கள் உண்டு.

கைத்தறிக்கும் வெண்பட்டுக்கும் தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டு நிலைக்குழு. உருக்காலைக்கு நிலக்கரி, சுரங்கம், உருக்கு நிலைக்குழு. ஆனால் உருக்கு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் சேலம் உருக்காலையின் முதலீட்டைத் தேடி ஏமாற வேண்டாம். ஆலையை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான செயில் தான் ஈட்டிய பணத்திலும் வெளியே வாங்கிய கடனிலும் செய்யும் முதலீடு அது. பொதுத்துறை நிறுவனங்களின் சொந்த ஆதாரங்களைக் காட்டும் தனி அட்டவணையில், அதுவும் செயில் முழுமைக்குமான ஒரே எண்ணாகத்தான் வரும்.

ரயில்வேக்கு, பணிவாரியாக ஒதுக்கீட்டைக் காட்டும் பிங்க் புத்தகம் இருக்கிறது. சேலம் கோட்டம் தெற்கு ரயில்வேக்குள் வருவதால் அந்த மண்டலத்தின் புத்தகத்தில் பாருங்கள். சில பணிகளுக்கு எதிரே ரூ.1,000 மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். திட்டத்தின் பெயர் புத்தகத்திலிருந்து விழுந்துவிடாமல் வைத்திருக்கவும், பின்னால் பணம் மாற்றிக்கொள்ளவும் செய்யும் ஏற்பாடு இது. குழுவில் ஓர் உறுப்பினர் "எத்தனை ஆண்டாக இந்த ஆயிரம்?" என்று கேட்டால் செயலர் எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும்.

இந்த ஏற்பாடு சறுக்கும் இடங்களும் உண்டு. தேர்தல் ஆண்டில் முழு பட்ஜெட் ஜூலையில் வரும். குழுக்கள் செப்டம்பரில்தான் அமையும். 2019, 2024 இரண்டிலும் நிலைக்குழு பார்க்காமலே மானியக் கோரிக்கைகள் நிறைவேறின. அவையிலும் எல்லாத் துறைக்கும் நேரம் கிடைப்பதில்லை. கடைசி நாளில் மிச்சக் கோரிக்கைகளை மொத்தமாக வாக்குக்கு விடுவதைக் கில்லட்டின் என்கிறார்கள். 2018-லும் 2023-லும் ஒரு துறைகூட விவாதிக்கப்படாமல் எல்லாமே கில்லட்டினில் போயின. பல லட்சம் கோடி ரூபாய் ஒரு வார்த்தைப் பேச்சில்லாமல் நிறைவேறுவது எந்தக் கட்சி ஆண்டாலும் தவறு. அந்த ஆண்டுகளில் எழுத்தில் மிஞ்சிய ஆய்வு நிலைக்குழு அறிக்கைகள் மட்டுமே.

அறிக்கையைவிடவும் அதன் பின்தொடர்ச்சியைப் படியுங்கள். பரிந்துரைக்கு அரசு மூன்று மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். பிறகு குழு வெளியிடும் நடவடிக்கை அறிக்கையில் ஐந்து அத்தியாயம் இருக்கும். இரண்டாவது, அரசு ஏற்றவை. மூன்றாவது, குழு வற்புறுத்தாமல் விட்டவை. நான்காவது, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை. ஐந்தாவது, இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. அவசரமானால் நான்காவதை மட்டும் படியுங்கள். துறைக்கும் குழுவுக்கும் எங்கே முட்டுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

விவசாயிகள் சங்கமோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ எழுதுவதானால் ஜனவரிக்குள் எழுதுங்கள், கேள்விப் பட்டியல் பிப்ரவரியில் தயாராகிவிடும். உங்கள் தொகுதி எம்.பி. அந்தக் குழுவில் இல்லாமல் இருக்கலாம். உறுப்பினர் பட்டியல் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் இருக்கிறது, அதில் தமிழ்நாட்டுக்காரர் இருந்தால் அவருக்கே அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: துறை, திட்டத்தின் பெயர், மேலே சொன்ன நான்கு எண்கள், உங்கள் ஊரில் நின்றுபோன வேலை, கேட்க வேண்டிய ஒரே கேள்வி. குழு தானாக மனு கேட்டு விளம்பரம் செய்யும்போது வழக்கமாக ஆங்கிலம் அல்லது இந்தியில் இரண்டு பிரதி கேட்பார்கள். அப்படிக் கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாகவும் வைக்கப்படும். அனுப்பிய பிறகு அதை முகநூலில் போடாதீர்கள்.