பிட்ஸ்பர்க் நகரின் பழைய சிறை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள பழைய அலகேனி கவுண்டி சிறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் அதன் மதிற்சுவரைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன், மெருகேற்றாமல் சொரசொரப்பாகவே விடப்பட்ட பெரும் கிரானைட் பாளங்களை அடுக்கி, அலங்காரம் ஏதுமின்றி, கல்லின் கனத்தை மட்டுமே நம்பி அதை எழுப்பினார். வாயில் வளைவைச் சுற்றி விசிறி போல் விரியும் கற்கள் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரியவை. அச்சுறுத்துவதற்கென்றே அப்படி வைத்தாரோ என்னவோ.

உள்ளே, எண்கோண நடுக்கூடத்திலிருந்து சிறகுகள் பிரிந்து செல்வதால், காவலர்கள் நடுவில் நின்றே எல்லாப் பக்கமும் கண்காணிக்க முடிந்தது. எதிரிலுள்ள நீதிமன்றமும் ரிச்சர்ட்சனின் படைப்பே. கைதிகளை அழைத்துச் செல்ல, தெருவுக்கு மேலே மூடிய கற்பாலம் ஒன்று இரண்டையும் இணைக்கிறது. சிறை 1886இல் முடிந்தது. அதே ஆண்டில் 47 வயதில் இறந்துவிட்ட அவர், 1888இல் நிறைவுற்ற நீதிமன்றத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை கற்களும் 1902 ஜனவரியில் பயன்படவில்லை. சிறை அதிகாரியின் மனைவி கேட் சாஃபெல் ரம்பமும் துப்பாக்கியும் கொடுத்து உதவ, மரண தண்டனைக்குக் காத்திருந்த பிடில் சகோதரர்கள் தப்பினர். துரத்தி வந்தவர்களுடன் நடந்த மோதலில் காயமுற்று இருவரும் இறந்தனர்.

1995 வரை சிறையாக இருந்த கட்டடம், பின்னர் உள்ளே மாற்றியமைக்கப்பட்டுக் குடும்ப நீதிமன்றமாயிற்று. சில அறைகளை மட்டும் பழையபடியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.