மேசுக்குள் ஏழு பேர்

"ஆர் உள்ளுக்கை இருக்கிறியள்?"

1976 இல் நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் டீச்சர் ஒரு புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கதை சொல்வார். ஒவ்வொரு மிருகமாக வந்து வாசலில் நிற்கும். அது கேட்க வேண்டிய கேள்வியை வகுப்பு முழுவதும் சேர்ந்து கத்துவோம்.

"நான் கொறிக்கிற எலியார். நீங்கள் ஆர்?"

"நான் தத்துகிற தவளையார். எனக்கும் கொஞ்சம் இடம் தருவியளோ?"

பிறகு ஓட்டக்கார முயலார், நரியக்கா, ஓநாயண்ணை, ஒரு பன்றியார், கடைசியில் கரடியார். ஏழு பேரும் ஒரு மேசுக்குள் குடியிருப்பார்கள். சப்பாத்தோடு போடுகிற மேசுதான், அதாவது காலுறை. அந்தக் கதை எப்படி முடிந்தது என்பது மட்டும் எனக்கு அடியோடு மறந்துவிட்டது.

சிங்கப்பூருக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. பேத்தி கதை கேட்கும் வயதுக்கு வந்தபோது இந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல ஆசைப்பட்டேன். முடிவில்லாமல் எப்படிச் சொல்வது? அப்படித்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் விக்டோரியா ஸ்ட்ரீட்டிலுள்ள தேசிய நூலகம். அங்கே லீ கோங் சியான் உசாத்துணை நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. நூலகர் ஒரு தமிழ்ப் பெண். அவ்வளவு பொறுமையாகக் கேட்டார். நான் "காலுறைக்குள் மிருகங்கள்" என்றேன். அவர் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு, "எந்த மொழிப் புத்தகம்னு உறுதியா தெரியுமா சார்?" என்று கேட்டார்.

"தமிழ்தான் தங்கச்சி. ஒவ்வொரு சொல்லும் எனக்கு இப்பவும் காதில கேக்குது" என்றேன். அதற்கு மேல் அவர் அதைக் கேட்கவில்லை.

எதிரே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகள் ஏறி இறங்கினேன். இரவில் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடினேன். ஈழத்துத் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் 2005 முதல் ஒவ்வொன்றாக வருடி ஏற்றிவரும் தளம் அது. அங்கே எங்கள் காலத்துப் பாடப் புத்தகங்களையும் சிறுவர் சஞ்சிகைகளையும் பார்த்துக் கண் கலங்கியது. மேசு மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது, நமக்கு மூத்த வகுப்பில் படித்த அண்ணை ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எரிஞ்சுபோன புத்தகத்தை ஏன் தம்பி தேடுறீர்?" என்றார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதில் இதுவும் போயிருக்கும் என்பது அவருடைய எண்ணம். வீடு வரும் வரைக்கும் என்னால் பேச முடியவில்லை. ஒரு கதையின் கடைசிப் பக்கத்தை அந்த நெருப்பு கொண்டுபோயிருந்தால் அதைப் பேத்திக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்?

பிறகுதான் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். இதை முதலே செய்திருக்க வேண்டும். இலண்டனில் இருப்பவன், அது மேசே இல்லை, தலையணை உறை என்று அடித்துச் சொன்னான். ரொறொன்ரோவில் இருப்பவன் எழுதியதைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்: "மச்சான், நிலமெல்லாம் வெள்ளையாய் இருந்ததே, ஞாபகமிருக்கா? அது பனியடா."

யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பிள்ளையான எனக்கு வெள்ளை நிலம் என்றால் எங்கள் கடலோர மணற்காடுதான். இத்தனை வருடமும் அந்த மிருகங்களை மணற்காட்டு மணல் மேட்டில்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன். சவுக்கு மரங்கள்கூட என் நினைவில் இருந்தன. அவன் முப்பது வருடப் பனியில் நடந்தவன், அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, குளிர்நாட்டுக் கதை. அந்த அளவில் நின்றது.

மிச்சத்தைக் காட்டித் தந்தது பேத்தி. நூலகத்தின் சிறுவர் பகுதியில் அவள் தானாகவே எடுத்து வந்த ஆங்கிலப் படப் புத்தகம், ஜேன் பிரெட் 1989 இல் வெளியிட்ட 'தி மிட்டன்'. பனியில் விழுந்த வெள்ளைக் கம்பளிக் கையுறைக்குள் மிருகங்கள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. கடைசியில் கரடி தும்ம, எல்லாம் வெளியே பறக்கின்றன. படிக்கப் படிக்க எனக்குக் கை நடுங்கியது. விரல்கள் பிரியாமல் பெருவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்ட கையுறை. டீச்சர் அதை "கைக்குப் போடுகிற மேசு" என்று சொல்லியிருக்க வேண்டும். கையுறையே பார்த்திராத நாங்கள் 'மேசு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஆனால் இது அந்தப் புத்தகம் இல்லை. வருடம் பொருந்தவில்லை. தவளையார் இல்லை, ஓநாயண்ணை இல்லை. முக்கியமாக யன்னல் இல்லை. என் நினைவில் அந்த மேசுக்கு யன்னலும் ஏணியும் இருந்தன.

அது உக்ரைனிய நாட்டார் கதை என்று புத்தகத்திலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அன்றிரவு தேடியதில் யெவ்கெனி ராச்சோவ் என்ற ஓவியரிடம் போய்ச் சேர்ந்தேன். 1906 இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பிறந்தவர், மிருகங்களுக்கு நாட்டுப்புற உடுப்புப் போட்டு வரைந்தவர். அவருடைய கையுறைப் படம் கைபேசித் திரையில் வந்தபோது நான் எட்டு வயதில் இருந்தேன். பக்கம் புரளப் புரள அந்தக் கையுறை வீடாகிக்கொண்டு போகிறது. அடியில் தடிகள் முட்டுக்கொடுக்கின்றன, ஏணி வருகிறது, யன்னல் வருகிறது, புகைபோக்கி வருகிறது. எல்லாமே நான் பார்த்தவை.

அந்தக் காலத்தில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டுப் புத்தகங்கள் அருமை. ஆனால் சோவியத் ஒன்றியத்தில் அச்சான ஆங்கிலப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். டீச்சரின் கையில் இருந்தது அதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நூலகரிடம் அவ்வளவு உறுதியாகத் தமிழ் என்றேனே, எந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்தேன் என்று யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. டீச்சர் புத்தகத்தை முழு நேரமும் எங்கள் பக்கம்தான் பிடித்திருந்தார். அவர் வாசிக்கவே இல்லை. வீட்டில் படித்து, தமிழாக்கி, மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார். கொறிக்கிற எலியாரையும் தத்துகிற தவளையாரையும் எந்தப் பட்டியலில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். அந்தத் தமிழ் அச்சாகவே இல்லை.

இன்னொன்றையும் அறிந்தேன். உக்ரைனிய மூலத்தில் நரியை அக்கா தங்கை முறையிலும் ஓநாயை அண்ணன் தம்பி முறையிலும்தான் அழைக்கிறார்கள். நரியக்காவும் ஓநாயண்ணையும் டீச்சரின் கற்பனை என்று நினைத்திருந்தேன். அவர் மூலத்தை விட்டு விலகாமலே அவர்களை நம் ஊர்க்காரர்களாக்கியிருக்கிறார்.

அந்தக் கதை சொன்ன அடுத்த வருடம் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

கதையின் முடிவு இதுதான்: கையுறையைத் தொலைத்த கிழவர் பாதி வழியில் நினைவு வந்து திரும்புகிறார். நாய் முன்னால் ஓடிவந்து, அசைகிற கையுறையைப் பார்த்துக் குரைக்கிறது. ஏழு பேரும் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். கிழவர் கையுறையை எடுத்துக்கொண்டு போகிறார்.

பேத்திக்கு இப்போது முழுக் கதையும் சொல்கிறேன். "ஆர் உள்ளுக்கை இருக்கிறியள்?" என்று இந்த ஊர்ப் பிள்ளை கேட்கும்போது நம் வகுப்பறைச் சத்தமே காதில் விழுகிறது. ஆனால் பன்றியாருக்கும் டீச்சர் ஒரு பட்டம் வைத்திருந்தார். மூலத்தில் அது தந்தம் உள்ள காட்டுப்பன்றி. டீச்சர் தந்தத்தைத்தான் சொன்னாரா, வேறு ஏதாவது சொன்னாரா? ரொறொன்ரோக்காரனுக்கும் நினைவில்லை, இலண்டன்காரனுக்கும் நினைவில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களில் அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாருக்காவது அது தெரிந்திருந்தால், நம் பழைய மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை வழியாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை வெறும் பன்றியார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.