கோனி என்றொரு அரசு வழக்கறிஞர்

இரண்டு நாளாக அனத்தோலி கோனியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1844-ல் பிறந்த ரஷ்யர். 1870களின் முதல் பாதியில் பீட்டர்ஸ்பர்க் மாவட்ட நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர். 1875-ல் ஓர் ஆலை எரிந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒவ்சியான்னிகோவ் என்ற கோடீஸ்வரத் தானிய வணிகர். பணக்காரர் விவகாரம், தொடவேண்டாம் என்று கோனி விட்டுவிடவில்லை. ஆள்வைத்துத் தீவைத்ததாக வழக்குத் தொடுத்தார், கிழவர் கடைசியில் சைபீரியாவுக்குப் போனார்.

அப்புறம்தான் சங்கடமே. தொப்பியைக் கழற்றாத அரசியல் கைதிக்குக் கசையடி கொடுக்கச் சொன்ன நகர ஆளுநர் திரேபோவை, 1878-ல் வேரா சசூலிச் என்ற பெண் சுட்டாள். ஆள் பிழைத்துக்கொண்டார். அதற்குள் கோனி நீதிபதி ஆகியிருந்தார், வழக்கு அவர் முன்னால்தான் வந்தது. ‘தண்டனை நிச்சயம்தானே?’ என்று சட்ட அமைச்சர் பாலென் உறுதி கேட்க, தரமுடியாது என்றுவிட்டார். அரசுத் தரப்பில் வாதாட இரண்டு வழக்கறிஞர்கள் மறுத்தார்கள். அதில் ஒருவருக்கு வேலையே போனது. கடைசியில் ஜூரி சொன்னது, ‘குற்றவாளி அல்ல’.

கோபம் முழுக்க கோனி மேல். ராஜினாமா செய்யச் சொன்னார்கள், மறுத்தார். நீதிபதியை நீக்கச் சட்டத்தில் வழியில்லை. சரி என்று சிவில் பிரிவுக்குத் தள்ளினார்கள். கிரிமினல் வழக்கே உயிராக இருந்தவருக்கு இதைவிட நாசூக்கான தண்டனை உண்டா?

1885-ல் செனட்டில், அதாவது அன்றைய ரஷ்யாவின் உச்ச நீதிமன்றத்தில், தலைமை அரசு வழக்கறிஞராகக் கிரிமினல் பக்கம் மீண்டும் வந்தார். மூன்றே வருடத்தில் போர்க்கியில் ஜாரின் ரயில் கவிழ்ந்தது, விசாரணை இவரிடம். கனமான ரயில், மிதமிஞ்சிய வேகம் என்று பெரிய அதிகாரிகளையே கைகாட்டினார். ஜாரே அந்த வழக்கை மூடிவைத்தார்.